மூன்றாம் கட்டம்

மாசி. காலை ஆறு மணி. மன்னவனூர்.
பனி கருக்கிய புல்வெளிக்கு
அடிப்பிடித்த பால்சட்டியின் நிறம்.
சலேத்மேரி வெந்நீர் கொண்டுவருகிறாள்,
நான் தோள்வரை உறை மாட்டிக்கொள்கிறேன்.
இந்த மலையில் இந்நேரம்
சூடாய் இருக்கிற ஒரே இடத்துக்குள்
என் கை போகப்போகிறது.

ஏழு மாடுகள். பாலுக்கல்ல,
கன்றுக்கு. கன்று, கறிக்கு.
அதைச் சொல்ல அவள் குரலைத் தாழ்த்துவதில்லை.
பத்து மணிக்கு லாரி வரும்.
"சினை நிக்காததை ஏத்திவிடணும் டாக்டரம்மா."
நான் டாக்டர் இல்லை, கால்நடை ஆய்வாளர்.
திருத்துவதை விட்டு மூன்று வருடம் ஆகிறது.

முதலில் கொண்டைச்சி.
சாணம் தள்ளி, குடல்சுவருக்கு அப்பால் துழாவ
விரல்நுனியில் ஒரு ரத்தக்குழாய் கிறுகிறுக்கிறது,
மோட்டார் போட்டதும் ரப்பர் ஓஸுக்குள்
தண்ணீர் புறப்படும் அதே அதிர்வு.
நாலு மாதம். ஆடியில் கன்று.
சலேத்மேரி சிலுவை போட்டுக்கொண்டாள்,
கொண்டைச்சி என் செருப்பில் மூத்திரம் பெய்தாள்.

அடுத்து சாம்பி.
விலா எலும்புகளை வேலிக்கு வெளியே நின்றே எண்ணலாம்.
உள்ளே சூலகம் இரண்டும்
சுண்டைக்காய் அளவு, வழவழவென்று,
ஒரு மொட்டுகூட எழும்பவில்லை.
போன பங்குனியில் ஈன்றவள்.
அதற்கு முந்தைய தையும் மாசியும்
வயிற்றில் கன்று மளமளவென்று பெருத்த மாதங்கள்.
கருகிய புல்லைத் தின்று
முதுகுச் சதையை உருக்கிக் கொடுத்தாள்.
பிறகு எட்டு மாதம் பால் கொடுத்தாள்.
ஐப்பசி மழை பாதியில் நின்றது.
கொடுத்தது திரும்பி வரவேயில்லை.

உடம்புக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான்.
முதலில் மூச்சுக்கு, அப்புறம் நடைக்கு,
அப்புறம் மடிக்கு.
மிச்சம் இருந்தால்தான் அடுத்த கரு.
கெஞ்சினாலும் வரிசை மாற்றமாட்டான்.

என் படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
சினை. சினையில்லை.
சாம்பியின் பெயருக்கு நேரே, ஓரத்தில்,
பேனாவால் இன்னொரு கட்டம் வரைந்து
பசி என்று எழுதினேன்.
மேலே கேட்பார்கள். கேட்கட்டும்.

செவலை பளபளவென்றிருக்கிறாள்.
வால் அடியில் அழுத்தினால்
கொழுப்பில் விரல் புதைகிறது.
இரண்டு வருடமாய் நிற்கிறாள், பிடிக்கவில்லை.
கருப்பை ஒருபக்கம் ஒட்டிக் கிடக்கிறது,
எந்தப் புண்ணாக்கும் பிரிக்காது.
சுமக்காததால் சேர்ந்த சதை.

தரகர் காசிலிங்கம் இறங்கினார்.
துண்டும் இல்லை, விரல் பேச்சும் இல்லை,
போனில் எடைக்கணக்கு.
சாம்பியைக் காட்டினார், மலிவாய்க் கிடைக்குமென்று.
"அதோட எலும்புக்கு என்ன குடுத்துரப்போறீங்க?
அவ இருக்கட்டும்" என்றாள் சலேத்மேரி,
செவலையின் கயிற்றை அவிழ்த்தபடி.

சாய்த்த பலகையில் நாலு குளம்புச் சத்தம்.
அந்தப் பணத்தில் புண்ணாக்கு, தாது உப்பு,
சந்தை கழித்த முட்டைக்கோஸ் இலையும்
காரட் தழையும் ஒரு வண்டி.
ஒருத்தியின் உடம்பு ஆறு பேருக்குத் தீவனம்.
இதில் உவமை எதுவும் இல்லை, ரசீது இருக்கிறது.

பங்குக் கோயில் காலண்டரின் பின்பக்கம்
மாதங்களை எழுதிக் காட்டினேன்.
ஆனியில் சேர்ந்தால் பங்குனியில் ஈனும்,
பனி தின்ற வயிறோடு.
ஆவணியில் சேர்ந்தால் வைகாசியில்,
கோடை மழைப் புல் முழங்கால் உயரம்.
"மாட்டுக்கு மாசம் தெரியாதா?"
"தெரியும். காளையை அவிழ்த்துவிடுகிற நமக்குத்தான்…"
அவள் சிரிக்கவில்லை.
காலண்டரைத் திருப்பி ஆணியில் மாட்டினாள்.

ஆவணி இருபது. விடியாத மழை.
போனில் சலேத்மேரி:
"சாம்பி ஏறவிட்டு நிக்குது,
நேத்து ராத்திரியிலேருந்து கத்துது."
நைட்ரஜன் கேனை வண்டியில் கட்டிக்கொண்டே
மதியத்துக்குள் வருகிறேன் என்றேன்.
பூம்பாறை வளைவில் மண் சரிந்திருக்கிறதாம்.
"மதியம்னா எத்தனை மணி?"

பதில் சொல்லுமுன் கேட்டது,
அவள் குரலுக்குப் பின்னால்,
மழைக்கும் பின்னால்,
எதையோ நிதானமாய் மெல்லும் சத்தம்.